மார்வெல் சாம்பியன்ஸில் அடியைத் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் 2019-இல் வெளியிட்ட மார்வெல் சாம்பியன்ஸ் கார்டு விளையாட்டில், ஒருவர் முதல் நான்கு பேர் வரை ஒரே அணியாக உட்கார்ந்து ஒரு வில்லனை எதிர்க்கிறோம். வில்லனுக்காக யாரும் ஆடுவதில்லை. அவனுடைய கார்டுக் கட்டே அவனை நடத்துகிறது. எங்கள் மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வில்லனை அடிப்பதில் சந்தேகமே வராது. அவன் திருப்பி அடிக்கும்போதுதான் ஆட்டம் நிற்கும், ஆளுக்கொரு விதி சொல்வார்கள். அப்படி மறுபடி மறுபடி காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

சொற்களை முதலில் ஒத்துக்கொள்வோம். ஒரு கார்டைப் பயன்படுத்திப் பக்கவாட்டில் திருப்பி வைப்பதைச் ‘சாய்ப்பது’ என்கிறேன்; மறுபடி நேராக வைப்பது ‘நிமிர்த்துவது’. வில்லனோடு வரும் மினியன்கள் ‘அடியாட்கள்’. நம் பக்கம் நிற்கும் துணைக் கார்டுகள் ‘கூட்டாளிகள்’. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் முதல் பெட்டியில் வரும் ஹீரோக்களையும் வில்லன்களையும் வைத்தே இருக்கும். அது எல்லோரிடமும் இருக்கும் என்பதால்.

வில்லன் எப்போது அடிப்பான்? என் முறை நடக்கும்போதே அடித்துவிடுவானா?

மாட்டான். ஒரு சுற்றில் முதலில் எல்லா ஆட்டக்காரர்களும் தங்கள் முறையை ஆடி முடிப்பார்கள். அதன் பிறகு வில்லனின் கட்டம். அதில் முதலில் அவனுடைய முக்கியத் திட்டத்தின் மீது அச்சுறுத்தல் டோக்கன் ஏறும். அடுத்து அவன் ஒவ்வொரு ஆட்டக்காரராகப் பார்ப்பான். நீங்கள் ஹீரோ பக்கம் திரும்பியிருந்தால் அடிப்பான். ஆல்டர் ஈகோ பக்கம், அதாவது முகமூடி இல்லாத சாதாரண மனிதராக இருந்தால் அடிக்காமல் திட்டம் தீட்டுவான். வில்லன் முடித்ததும் உங்களோடு மோதி நிற்கும் அடியாட்களும் அதையே செய்வார்கள். எல்லோருக்கும் இது முடிந்த பிறகுதான் வில்லனின் கட்டிலிருந்து ஆளுக்கொரு கார்டு, அதாவது என்கவுன்டர் கார்டு, வரும்.

சரி, அடி விழும்போது வரிசையாக என்னதான் நடக்கிறது?

இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். வில்லன் தாக்குதலைத் தொடங்குகிறான். கட்டின் மேலிருந்து ஒரு கார்டு கவிழ்த்தபடியே அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. அதுதான் பூஸ்ட் கார்டு. அடுத்து, யார் தடுக்கப் போகிறார்கள் என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். ஹீரோவையோ ஒரு கூட்டாளியையோ சாய்ப்பதுதான் அறிவிப்பு. யாரும் தடுக்கவில்லை என்றும் சொல்லலாம். அதன் பிறகே பூஸ்ட் கார்டு புரட்டப்படும். அதில் இருக்கும் ஒவ்வொரு பூஸ்ட் குறிக்கும் வில்லனின் அடி ஒன்று கூடும். நட்சத்திரக் குறி இருந்தால் கார்டில் எழுதியுள்ள தனி விளைவும் நடக்கும். கடைசியில் கணக்கு: வில்லனின் தாக்குதல் எண், கூட்டல் பூஸ்ட், கழித்தல் தடுத்த ஹீரோவின் டிஃபென்ஸ். மிச்சம் டேமேஜ்.

என் ஸ்பைடர்மேனுக்கு டிஃபென்ஸ் 3 என்று போட்டிருக்கிறது. ரைனோ 2-க்குத்தான் அடிக்கிறான். ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டிஃபென்ஸ் எண் போட்டுக்கொண்டிருக்கும் சட்டை மாதிரி எப்போதும் உடம்பில் இருப்பதில்லை. ஹீரோவைச் சாய்த்துத் தடுத்தால் மட்டுமே அது கழிக்கப்படும். சாய்க்காமல் நின்றால் ஸ்பைடர்மேனின் 3-ஐக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது; ரைனோவின் 2-உம் பூஸ்டும் முழுதாக விழும்.

டிஃபென்ஸைக் கூட்டித் தரும் ஆர்மர்டு வெஸ்ட் போன்ற கார்டுக்கும் இதே கதி. அதை மாட்டிக்கொண்டு சும்மா நின்றால் பயனில்லை.

பூஸ்ட் கார்டு என்னவென்று பார்த்துவிட்டு, பெரிய அடியாக இருந்தால் மட்டும் தடுக்கலாமா?

முடியாது. மேலே சொன்ன வரிசையில் அறிவிப்பு முன்னே, புரட்டுவது பின்னே. இந்தத் தடுமாற்றம்தான் ஆட்டத்தின் ருசி. சில கார்டுகளில் ஒரு பூஸ்ட் குறிகூட இருக்காது, சிலவற்றில் மூன்று இருக்கும். உங்கள் உயிர்ப்புள்ளிக்கு எவ்வளவு அடி தாங்கும் என்று கணித்து முன்கூட்டியே துணிய வேண்டும். பார்த்துவிட்டு முடிவு செய்ய ஒரு வழி உண்டு, ஆனால் அதற்குக் கையில் சரியான கார்டு இருக்க வேண்டும். அதைப் பேக்ஃப்ளிப் கேள்வியில் சொல்கிறேன்.

என் முறையிலேயே ஹீரோவைச் சாய்த்து வில்லனை அடித்துவிட்டேன். இப்போது தடுக்க முடியாதே?

முடியும். ஆட்டக்காரர்களின் கட்டம் முடியும் இடத்தில், வில்லன் தொடங்குவதற்கு முன்பே, எல்லோரும் கையை நிரப்பிக்கொண்டு கார்டுகள் அனைத்தையும் நிமிர்த்திவிடுகிறோம். உங்கள் முறையில் அடித்த ஹீரோவும் கூட்டாளியும் வில்லன் வரும்போது நிமிர்ந்தேதான் இருப்பார்கள். வேறு கார்டு விளையாட்டுகளில் பழகியவர்கள் இங்கே வீணாகக் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தடுப்பதற்காக ஆளை மிச்சம் வைத்துக்கொண்டு, அடிக்காமலே சுற்றை முடிப்பார்கள்.

அப்படியானால் தடுப்பதற்குச் செலவே இல்லையே? ஒவ்வொரு முறையும் தடுத்துவிடலாமே?

செலவு உண்டு, அடுத்த சுற்றில் தெரியும். வில்லன் கட்டத்தில் சாய்ந்த ஹீரோ உங்கள் அடுத்த முறை முழுவதும் சாய்ந்தே இருப்பார். அந்த முறையின் முடிவில்தான் நிமிர்வார். அதாவது அடுத்த முறையில் அவரால் அடிப்படைத் தாக்குதலும் செய்ய முடியாது, திட்டத்தைக் குலைக்கவும், அதாவது அதன் மேலுள்ள அச்சுறுத்தலைக் குறைக்கவும், முடியாது. கையிலுள்ள நிகழ்வுக் கார்டுகளை ஆடலாம், பக்கம் திரும்பலாம், அவற்றுக்கு நிமிர்ந்திருக்கத் தேவையில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உயிர்ப்புள்ளி குறைந்து போனதென்று பயந்து தடுத்துவிட்டு, ‘அடுத்த முறை பீட்டர் பார்க்கராகத் திரும்பி ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம்’ என்று திட்டமிடுவார்கள். ஓய்வெடுக்கவும் கார்டைச் சாய்க்க வேண்டும். சாய்ந்து கிடப்பவரை மறுபடி எப்படிச் சாய்ப்பது? அதனால் ஓய்வெடுக்கப் போகிறோம் என்று தெரிந்த சுற்றில், தாங்கக்கூடிய அடியென்றால் வாங்கிக்கொள்வதே நல்லது.

என் சொந்தக் கருத்து: புதியவர்கள் தேவைக்கு மேல் தடுக்கிறார்கள். டிஃபென்ஸ் 1 உள்ள அயர்ன்மேனையோ கேப்டன் மார்வெலையோ சாய்த்து ஒரு புள்ளியைக் காப்பாற்றுவதற்காக ஒரு முழு முறையின் வேலையை விட்டுக்கொடுப்பது நட்டக் கணக்கு. கேப்டன் மார்வெலுக்கு 12 உயிர்ப்புள்ளி இருக்கிறது. அதைச் செலவழிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். அயர்ன்மேனுக்கு 9 தான். அவரைக் காப்பாற்றக் கூட்டாளியைத் தேடுங்கள்.

கூட்டாளிக்கு ஒரே ஒரு உயிர்ப்புள்ளிதான் மிச்சம். ஒன்பது டேமேஜ் வருகிறது. அவன் தடுத்தால் பாக்கி எட்டு என் மேல் விழுமா?

விழாது. கூட்டாளி தடுத்தால் மொத்த அடியும் அவனோடு போய்விடும். கூட்டாளிகளுக்கு டிஃபென்ஸ் எண் என்பதே கிடையாது, ஆகவே கழிக்க ஒன்றுமில்லை. ஒன்பதும் அவனுக்கு, அவன் களத்தை விட்டுப் போவான், உங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஓவர்கில் என்ற சொல் வந்தால் மட்டும் கதை மாறும், அது பின்னால்.

இதனால்தான் அனுபவசாலிகள் கூட்டாளியை உயிர்ப்புள்ளி தீரும்வரை அடிக்க விடமாட்டார்கள். கடைசி ஒரு புள்ளியை வில்லன் கட்டத்துக்கென்று விட்டு வைப்பார்கள்.

கூட்டாளி அடிக்கும்போது அவனுக்கும் அடிபடுகிறதே. தடுக்கும்போதும் அந்தக் கூடுதல் டேமேஜ் உண்டா?

இல்லை. கூட்டாளியின் தாக்குதல் எண்ணுக்கும் திட்டக் குலைப்பு எண்ணுக்கும் கீழே இருக்கும் சின்னக் குறிகள், அந்த இரண்டு வேலைகளைச் செய்தால் மட்டுமே பொருந்தும். தடுப்பவனுக்கு வருவது எதிரியின் அடி மட்டும்.

ஹீரோவும் கூட்டாளியும் சேர்ந்து ஒரே அடியைத் தடுக்கலாமா?

ஒரு தாக்குதலுக்கு ஒரே ஒருவர்தான். பங்கு போட முடியாது.

பக்கத்தில் இருப்பவர் செத்துவிடுவார் போல இருக்கிறது. அவருக்கு விழும் அடியை நான் தடுக்கலாமா?

தாராளமாக. யாரைத் தாக்கினாலும், எந்த ஆட்டக்காரரும் தன் ஹீரோவையோ கூட்டாளியையோ சாய்த்துக் குறுக்கே புகலாம். புகுந்தவரே அந்த அடியின் இலக்காகிவிடுவார். கழிப்பது அவருடைய டிஃபென்ஸை, டேமேஜும் அவருக்கே. கூட்டு விளையாட்டு என்பதன் முழு அர்த்தம் இங்கேதான் தெரியும். 15 உயிர்ப்புள்ளியோடு உட்கார்ந்திருக்கும் ஷீஹல்க் எல்லோருடைய அடியையும் வாங்கிக்கொள்ள முடியாவிட்டாலும், சுற்றுக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் யாரை நோக்கித் தொடங்கியது என்பது சில திறன்களுக்கு முக்கியம். ஸ்பைடர்மேனின் ஸ்பைடர் சென்ஸ், வில்லன் ‘உங்களை’ நோக்கித் தாக்குதலைத் தொடங்கும்போது ஒரு கார்டு எடுக்க விடுகிறது. நண்பரை நோக்கித் தொடங்கிய அடிக்கு ஸ்பைடர்மேன் குறுக்கே புகுந்தால் கார்டு கிடையாது. மறுதலையாக, ஸ்பைடர்மேனை நோக்கித் தொடங்கிய அடியை நண்பர் வாங்கிக்கொண்டாலும் அந்தக் கார்டு அவருக்கு உண்டு. அதைத் தடுப்பவர் அறிவிப்புக்கு முன்பே எடுக்கிறோம், ஆகவே கார்டைப் பார்த்துவிட்டே தடுக்கலாமா என்று யோசிக்கலாம்.

நான் ஆல்டர் ஈகோவில் இருக்கிறேன். நண்பருக்காகத் தடுக்கலாமா?

நீங்கள் முடியாது; பீட்டர் பார்க்கருக்கு டிஃபென்ஸ் எண்ணே இல்லை, பாருங்கள். உங்கள் கூட்டாளி தடுக்கலாம். கூட்டாளிகளுக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள் என்ற கவலை இல்லை.

அடியாட்கள் அடிக்கும்போதும் பூஸ்ட் உண்டா?

சாதாரணமாக இல்லை. கார்டில் அச்சிட்ட தாக்குதல் எண் எதுவோ அதுவே அடி. ஆகவே அடியாளின் அடியைத் தடுப்பதா வேண்டாமா என்பதில் சூதாட்டம் இல்லை. பிற்காலப் பெட்டிகளில் வில்லனஸ் என்ற சொல் பொறித்த அடியாட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மட்டும் வில்லனைப் போலவே பூஸ்ட் கார்டு கொடுக்க வேண்டும்.

வில்லனின் அடி ஒரு தாக்குதல், ஒவ்வொரு அடியாளின் அடியும் தனித்தனித் தாக்குதல். வில்லனுக்காகச் சாய்ந்த ஹீரோ அதே சுற்றில் அடியாளுக்காக மறுபடி சாய முடியாது. அல்ட்ரானை எதிர்த்து ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ட்ரோன்கள் ஆளுக்கு மூன்று நான்கு என்று சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றும் சின்ன அடிதான், ஆனால் தடுக்க ஆளில்லாமல் வரிசையாக விழும்.

பேக்ஃப்ளிப் மாதிரி ‘டிஃபென்ஸ்’ என்று அச்சிட்ட நிகழ்வுக் கார்டை ஆட ஹீரோவைச் சாய்க்க வேண்டுமா?

வேண்டாம். குழப்பங்களுக்கெல்லாம் தாய் இந்தக் கேள்விதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். தடுப்பதில் இரண்டு வகை. ஒன்று ஹீரோவைச் சாய்க்கும் அடிப்படைத் தடுப்பு. இன்னொன்று, அடைப்புக்குறிக்குள் டிஃபென்ஸ் என்ற முத்திரை இருக்கும் கார்டை ஆடுவது. இரண்டாவதில் ஹீரோ நிமிர்ந்தே இருக்கலாம், சாய்ந்தும் இருக்கலாம். கார்டின் விலையைக் கொடுத்தால் போதும்; பேக்ஃப்ளிப்புக்கு அந்த விலைகூட இல்லை. ஆனால் சாய்க்காததால் டிஃபென்ஸ் எண் கழிக்கப்படாது; கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும் நடக்கும்.

பேக்ஃப்ளிப்பில் எழுதியிருப்பது: ஒரு தாக்குதலால் உங்களுக்கு டேமேஜ் வரவிருக்கும்போது அதை முழுவதும் தடு. ‘வரவிருக்கும்போது’ என்றால் பூஸ்ட் புரட்டி, கணக்கு போட்டு, எண் தெரிந்த பிறகு. முன்பு சொன்ன வழி இதுதான். தடுக்கவில்லை என்று சொல்லுங்கள், பூஸ்டைப் பாருங்கள், இரண்டு மூன்று என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஏழு என்று வந்தால் பேக்ஃப்ளிப்பைப் போடுங்கள். ஹீரோ நிமிர்ந்தே இருப்பார், அடுத்த முறை அவர் கை சும்மா இருக்காது. முதலில் சாய்த்துவிட்டுப் பிறகு பேக்ஃப்ளிப்பும் போடுவது விதிப்படி சரிதான். மூன்றாம் நிலை ரைனோ (வில்லனுக்கு நிலைகள் உண்டு, நிலை ஏற ஏற ரைனோவின் அடியும் கூடும்) 4-க்கு அடித்து பூஸ்ட் 3 வந்து, டிஃபென்ஸ் 3 போக நாலு மிச்சம் நிற்கும்போது வேறு வழியில்லாமல் போடுவோம். ஆனால் இரண்டையும் செலவழித்திருக்கிறோம் என்ற வருத்தம் இருக்கும்.

முத்திரையுள்ள கார்டை ஆடினால், சாய்க்காவிட்டாலும், உங்கள் ஹீரோ அந்த அடியைத் தடுத்ததாகவே கணக்கு. இது ஏன் முக்கியம் என்பது அடுத்த இரண்டு கேள்விகளில் வருகிறது. கூட்டாளியை முன்னே நிறுத்திவிட்டு அவனைக் காப்பாற்ற பேக்ஃப்ளிப் போட முடியாது. டேமேஜ் உங்களுக்கு வரவில்லையே.

பூஸ்ட் கார்டில் ‘இந்தத் தாக்குதல் தடுக்கப்படாவிட்டால்’ என்று ஒரு விளைவு வந்தது. நான் பேக்ஃப்ளிப் போடப் போகிறேன். அந்த விளைவு நடக்குமா?

நடக்கும். பூஸ்ட் புரட்டும் அந்த நொடியில் நீங்கள் எதையும் அறிவிக்கவில்லை, தடுக்கப்படாத தாக்குதல்தான். நடக்கப் போவதை வைத்து வாதாட முடியாது. அதன் பிறகு பேக்ஃப்ளிப் போட்டால் டேமேஜ் நிற்கும், நடந்த விளைவு நடந்ததுதான். மேலே நான் புகழ்ந்த தந்திரத்துக்கு இது ஒன்றுதான் ஓட்டை.

கவுன்டர் பஞ்ச் போட வேண்டுமானால் எனக்கு டேமேஜே விழாமல் இருக்க வேண்டுமா?

தேவையில்லை. ‘உங்கள் ஹீரோ ஒரு தாக்குதலைத் தடுத்த பிறகு’ என்றுதான் அதில் இருக்கிறது. தடுத்தும் நாலு புள்ளி வாங்கியிருந்தாலும் திருப்பிக் குத்தலாம். குத்தின் அளவு உங்கள் ஹீரோவின் தாக்குதல் எண். சாய்ந்திருக்கிறாரே என்று தயங்க வேண்டாம், நிகழ்வுக் கார்டுக்கு அது தடையில்லை. பேக்ஃப்ளிப்பும் தடுப்புதான் என்பதால் அதன் பின்னும் கவுன்டர் பஞ்ச் ஆடலாம்.

ஒரு எச்சரிக்கை: கவுன்டர் பஞ்சில் தாக்குதல் முத்திரை இருக்கிறது. உங்கள் மேல் ஸ்டன் என்ற, தாக்குதலைப் பறிக்கும் நிலைக் கார்டு இருந்தால் குத்துக்குப் பதிலாக ஸ்டன் மட்டுமே கழியும். கூட்டாளி தடுத்திருந்தால் கவுன்டர் பஞ்சுக்கு இடமே இல்லை.

ஸ்டன் ஆகியிருக்கும் ஹீரோ தடுக்கலாமா?

தடுக்கலாம். ஸ்டன் தாக்குதலை மட்டும் பறிக்கும், கன்ஃப்யூஸ்டு திட்டக் குலைப்பை மட்டும் பறிக்கும். தடுப்பைப் பறிக்கும் நிலைக் கார்டு இவற்றில் எதுவுமில்லை.

ஸ்டன் வில்லன் மேல் இருந்தால்?

அவன் தாக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கார்டு கழியும், தாக்குதலே இல்லை. பூஸ்ட் இல்லை, யாரும் தடுக்கவும் வேண்டாம், ஸ்பைடர் சென்ஸும் கார்டு தராது. ரைனோவுக்கு ஸ்டன் இருக்கிறது என்பதை மறந்து ஹீரோவை அவசரமாகச் சாய்த்தவர்களைத் திரும்ப நிமிர்த்த விடுவது எங்கள் மேசை வழக்கம். விதியில் அப்படி இரக்கம் எதுவும் இல்லை.

எனக்கு ‘டஃப்’ கார்டு இருக்கிறது. தடுத்து டேமேஜ் பூஜ்யமாகிவிட்டால் டஃப் போய்விடுமா?

போகாது. டஃப் என்பது, டேமேஜ் ஏதாவது வரவிருந்தால் அத்தனையையும் விழுங்கிவிட்டுத் தானும் போகும் நிலைக் கார்டு. டிஃபென்ஸ் கழித்தல் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கழித்து பூஜ்யம் வந்தால் விழுங்க ஒன்றுமில்லை, டஃப் அப்படியே நிற்கும். கழித்து ஒன்று மிஞ்சினால் அந்த ஒன்றுக்காக டஃப் போய்விடும். ஆகவே இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அடியை டிஃபென்ஸே முழுதாகத் தின்றுவிடும் என்றால் சாய்த்துத் தடுங்கள், எப்படியும் மிஞ்சும் என்றால் சாய்க்காமல் டஃப்பை இழந்துவிடுங்கள். ஒன்று வந்தாலும் பத்து வந்தாலும் டஃப்புக்கு ஒரே வேலைதான். பியர்ஸிங் என்ற சொல் உள்ள தாக்குதல் மட்டும் டஃப்பை முதலில் கிழித்துவிட்டுப் பிறகு டேமேஜ் போடும்.

ரைனோ ‘சார்ஜ்’ கார்டோடு வந்து என் கூட்டாளியை அடித்தான். ஓவர்கில் என்கிறார்கள். இப்போதும் எனக்கு ஒன்றும் ஆகாதா?

இப்போது ஆகும். கூட்டாளி கேள்வியில் நான் வைத்த விதிவிலக்கு இதுதான். சார்ஜ் ரைனோவின் தாக்குதலை 3 கூட்டி, ஓவர்கில்லும் தருகிறது. முதல் நிலை ரைனோ 2, சார்ஜ் 3, பூஸ்ட் ஒன்று என்று வைத்தால் ஆறு. கூட்டாளிக்கு உயிர்ப்புள்ளி இரண்டு என்றால் மிச்சம் நாலும் கூட்டாளியின் சொந்தக்காரர் தலையில். இந்த நாலிலிருந்து உங்கள் டிஃபென்ஸைக் கழிக்கக் கூடாது, தடுத்தவர் நீங்கள் இல்லை.

கூட்டாளியிடம் டஃப் இருந்தால் மிச்சம் என்ற பேச்சே எழாது. லூக் கேஜ் களத்துக்கு வரும்போதே டஃப்போடு வருகிறார். சார்ஜ் ஏறிய ரைனோவுக்கு எதிரே அவரை நிறுத்துவது எனக்குப் பிடித்த ஆட்டங்களில் ஒன்று. அத்தனை ஆவேசமும் ஒரு டஃப் கார்டில் முடிந்துவிடும், அடித்த பிறகு சார்ஜும் கழிந்துவிடும்.

பிளாக் பேந்தருக்கு ரிட்டாலியேட் 1 இருக்கிறது. டேமேஜ் விழாவிட்டாலும் திருப்பி அடிப்பாரா?

அடிப்பார். அவரைத் தாக்கினார்களா என்பதுதான் கேள்வி, காயப்பட்டாரா என்பதல்ல. தடுத்து பூஜ்யமானாலும், டஃப் விழுங்கினாலும், தாக்கியவனுக்கு ஒரு புள்ளி உண்டு. சாய்க்காமல் அடி வாங்கினாலும் உண்டு. அந்த அடியிலேயே அவர் விழுந்துவிட்டால் இல்லை. அவருக்காகக் கூட்டாளி தடுத்தால் தாக்கப்பட்டது கூட்டாளி, ரிட்டாலியேட் இல்லை. பிறருக்காக அவர் குறுக்கே புகுந்தால் தாக்கப்பட்டது அவர், ரிட்டாலியேட் உண்டு. ரேஞ்ஜ்டு என்ற சொல் உள்ள தாக்குதலுக்கு மட்டும் இது பலிக்காது. ரிட்டாலியேட் ஒரு தாக்குதல் அல்ல, ஆகவே பேந்தருக்கு ஸ்டன் இருந்தாலும் நடக்கும்.

கிளாவின் தாக்குதல் எண் 0. பூஸ்டும் ஒன்றுமில்லை. அது தாக்குதல்தானா?

தாக்குதல்தான். கிளா தாக்கும்போது கூடுதலாக ஒரு பூஸ்ட் கார்டு வாங்கிக்கொள்வான், அதனால் முதல் நிலையின் பூஜ்யத்தை நம்பி ஏமாறாதீர்கள். இரண்டு பூஸ்டும் வெறுமையாக வந்தால்கூட ரிட்டாலியேட், கவுன்டர் பஞ்ச் போன்ற ‘தாக்கிய பிறகு’, ‘தடுத்த பிறகு’ வகை விளைவுகள் எல்லாம் நடக்கும். பேக்ஃப்ளிப் மட்டும் போட முடியாது. வரவிருக்கும் டேமேஜ் என்று ஒன்று இல்லையே.

என்கவுன்டர் கார்டு ‘உங்களுக்கு 2 டேமேஜ்’ என்கிறது. ஹீரோவைச் சாய்த்துக் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. தடுக்க முடிவது தாக்குதலை மட்டுமே. கார்டில் தாக்குகிறான் என்ற சொல் இல்லாமல் வெறுமனே டேமேஜ் என்றிருந்தால் டிஃபென்ஸும் பேக்ஃப்ளிப்பும் உதவாது. டஃப் உதவும், அது எங்கிருந்து வந்த டேமேஜையும் விழுங்கும்.

அஸால்ட் போல ‘வில்லன் உங்களைத் தாக்குகிறான்’ என்று சொல்லும் கார்டு வந்தால் அது முழுத் தாக்குதல். மறுபடி பூஸ்ட், மறுபடி தடுப்பவர் அறிவிப்பு, எல்லாம் முதலிலிருந்து. கெட் பிஹைண்ட் மீ ஆடி ஒரு ட்ரெச்சரி கார்டை (வெளிப்பட்டவுடன் கெடுதல் செய்துவிட்டுக் கழியும் என்கவுன்டர் கார்டு) ரத்து செய்தால் அதற்குப் பதிலாக வில்லன் உங்களைத் தாக்குவான் அல்லவா, அதுவும் இப்படித்தான். நிமிர்ந்த ஆள் ஒருவரும் மிச்சமில்லாதபோது வீரமாக அதைப் போட்டுவிட்டு நான் விழுந்த கதை உண்டு.

பூஸ்டாக ஒரு ட்ரெச்சரி கார்டு வந்தது. ஸ்பைடர்மேனின் என்ஹான்ஸ்டு ஸ்பைடர் சென்ஸால் அதை ரத்து செய்யலாமா?

முடியாது. அந்தக் கார்டு ட்ரெச்சரி ‘வெளிப்படும்போது’ வேலை செய்வது. பூஸ்டாகப் புரட்டப்படும் கார்டு வெளிப்படுவதாகக் கணக்கில்லை. அதன் மேலே எழுதியிருப்பது எதுவும் நடக்காது, கீழே உள்ள பூஸ்ட் குறிகளும், நட்சத்திரக் குறி இருந்தால் அதன் விளைவும் மட்டுமே.

எல்லா அடியும் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். புதிதாக வந்த அடியாள் உடனே அடித்துவிட்டான். இது நியாயமா?

குவிக்ஸ்ட்ரைக் என்று அவன் கார்டில் இருந்திருக்கும். உங்களோடு மோத வந்தவுடனே, நீங்கள் ஹீரோ பக்கம் இருந்தால், ஒரு அடி அடிப்பான். வழக்கமான தாக்குதல்தான், தடுக்கலாம். ஆனால் அவன் வருவது என்கவுன்டர் கார்டு புரட்டும் கட்டத்தில், உங்கள் ஆட்களெல்லாம் சாய்ந்த பிறகு. அதனால்தான் வில்லனின் சின்ன அடிக்கு எல்லோரையும் சாய்த்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கடைசியாக ஒரு சிக்கலானது. சார்ஜோடு இரண்டாம் நிலை ரைனோ என் ஸ்பைடர்மேனை அடிக்க வந்தான். பிளாக் பேந்தர் குறுக்கே புகுந்தார், அவரிடம் டஃப் இருந்தது, பூஸ்ட் 2. என் கையில் பேக்ஃப்ளிப். யாருக்கு என்ன ஆகும்?

தாக்குதல் உங்களை நோக்கித் தொடங்கியதால் நீங்கள் ஒரு கார்டு எடுப்பீர்கள். பேந்தர் சாய்ந்து தடுக்கிறார், இனி அவரே இலக்கு. ரைனோ 3, சார்ஜ் 3, பூஸ்ட் 2, மொத்தம் எட்டு. பேந்தரின் டிஃபென்ஸ் 2 போக ஆறு. அந்த ஆறை டஃப் விழுங்கிவிட்டுப் போகிறது. ஓவர்கில்லுக்கு வேலை இல்லை, விழுந்த கூட்டாளி யாரும் இல்லை. உங்கள் பேக்ஃப்ளிப் கையிலேயே இருக்கும், டேமேஜ் உங்களுக்கு வரவே இல்லை.

பிறகு ரிட்டாலியேட்டால் ரைனோவுக்கு ஒன்று. பேந்தரை ஆடுபவரின் கையில் கவுன்டர் பஞ்ச் இருந்தால் இன்னும் இரண்டு. சார்ஜ் கழிகிறது. அடுத்த முறையில் பேந்தர் சாய்ந்தே இருப்பார், நீங்கள் நிமிர்ந்திருப்பீர்கள்.